மூலைக்கிள்ளி

அங்காடியில் பணம் கட்டும் வரிசையில் முன்னால் இன்னும் மூன்று பேர் நிற்கும்போதே அவர் அட்டையை எடுத்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு, கூட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை, உறைக்குள்ளிருந்து அட்டை. இரண்டு விரல்களுக்கு நடுவே, படம் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். பணம் வாங்கும் பெண் நிமிர்வதற்குள் "சீனியர்" என்பார். வகிக்கும் பதவியைச் சொல்வதுபோல் இருக்கும்.

"தெரியும் சார், போட்டாச்சு" என்பாள் அந்தப் பெண்.

"கார்டைப் பாக்காமலேயா?"

"உங்களைத்தான் பாத்துட்டேனே."

இது அவருக்குப் பிடிக்காது. அட்டையைப் பார்க்காமல் சலுகை கொடுத்தால், முகத்தை வைத்தே கிழவன் என்று முடிவுகட்டிவிட்டாள் என்று அர்த்தம். அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலோ, "நான் என்ன திருட்டு கார்டா வச்சிருக்கேன்?" என்று மூக்கு சிவக்கும். கேட்கவும் கூடாது, கேட்காமல் இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் என்னதான் செய்யவேண்டும் என்பது, பின்னால் கூடையோடு நிற்கும் அவர் மனைவிக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

அவர் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று ஓட்டுநருக்கே தெரியாது. ஏறினால் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரு டிக்கெட் விடாமல் வாங்கிப் பார்ப்பார். பார்த்த டிக்கெட்டில் துளை போட நிறுவனம் ஒரு கருவி கொடுத்திருந்தது. அதன் வில் அடிக்கடி சிக்கிக்கொண்டதால் அதை இடுப்பில் அலங்காரமாகத் தொங்கவிட்டுவிட்டு, வலது கட்டைவிரல் நகத்தால் டிக்கெட்டின் மூலையைச் சின்ன முக்கோணமாகக் கிள்ளித் திருப்பிக் கொடுப்பார். அந்த மூலை போன டிக்கெட்டை வேறு எந்தப் பரிசோதகரும் மறுபடி கேட்பதில்லை. அவர் கிள்ளினால் கிள்ளினதுதான். நடத்துநர்கள் வைத்த பெயர் மூலைக்கிள்ளி. பிரிவு உபசாரத்தில் மேலதிகாரியே அந்தப் பெயரைச் சொல்லித்தான் மாலை போட்டார்.

வேலை ஓய்ந்தாலும் நகம் ஓயவில்லை. சினிமா டிக்கெட், சலவைக் கடை டோக்கன், மருத்துவமனைச் சீட்டு, தபாலில் வரும் அழைப்பிதழ் என்று எது கைக்கு வந்தாலும் முன்னும் பின்னும் படித்து, மூலையைக் கிள்ளி, "சரியா இருக்கு" என்று தருவார். மனைவி பேருந்தில் தனியாகப் போய்விட்டு வந்தால்கூட, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கை நீளும். அவளும் டிக்கெட்டை எடுத்துக் கொடுப்பாள். கேட்பவருக்குக் கேட்கிறோம் என்ற எண்ணமும் இல்லை, கொடுப்பவளுக்குக் கோபமும் இல்லை. சில வீடுகளில் வந்ததும் தண்ணீர் கேட்பதில்லையா, அதுபோல.

அறுபது முடிந்த மறுநாள் முதல் அவருடைய வாரம் சலுகைகளால் ஆனது. செவ்வாய் பல்பொருள் அங்காடி. புதன் காலை முடிதிருத்தகம். முடிதிருத்துபவர் ஒருமுறை சீப்பை அந்தரத்தில் நிறுத்தி, "சார், உங்க தலையில இருக்கிறதுக்கு நான் எப்பவுமே பாதிதான் வாங்கணும்" என்றார். "சரி, அப்போ அதுல பாதி வாங்கு" என்று இவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி சொன்னார். வியாழன் பிற்பகல் சினிமா. என்ன படம் என்று பார்ப்பதில்லை. "படம் எப்படி?" என்று யாராவது கேட்டால், "சீட்டு நல்லா இருந்துச்சு" என்பார்.

நகராட்சி நீச்சல் குளத்தில் காலை வேளையில் மூத்தோருக்கு இலவசம். அவருக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடும் பேருந்தில் நிற்பதுபோல் காலை அகட்டி, ஒதுக்கிய நேரம் முடியும்வரை நிற்பார். குளிரில் உதடு நீலம் பாய்வதைப் பார்த்துக் காவலர், "போதும் சார், ஏறுங்க" என்றால், "இன்னும் டைம் இருக்குல்ல?" என்பார்.

பேருந்தில் காலை ஒன்பது மணிக்குமேல்தான் இலவசப் பயணம். ஆகவே அவர் வாழ்க்கையில் ஒன்பது மணிக்கு முன்னால் எதுவும் நடப்பதில்லை. கடைவாய்ப்பல் வீங்கி முகம் ஒருபக்கம் பூசணியாகிப் போன நாளிலும் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, ஒன்பதுக்குச் சற்று முன்னால் வந்த வண்டியைக் கையசைத்து அனுப்பிவிட்டார். ஓட்டுநர் பழைய ஆள். "ஏறுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்றார். இவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "நானே கேப்பேன்யா" என்றார்.

வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க மிச்சம் பிடிக்க நடக்கிற நடைக்குச் செருப்பு வாங்கியே சொத்து அழியுது" என்றாள்.

"செருப்புக் கடையிலயும் சீனியர் உண்டு. மாசக் கடைசியில."

கஞ்சன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு இடம் இருந்தது. முழங்கால் வலியோடு படுத்திருந்த ஒரு நாள் மனைவி வாய்விட்டுச் சொன்னாள்: "எங்கயாவது ஏரிக்கரையில ஒரு ரூம் எடுத்துத் தங்கணும். எழுந்து போய்ப் பாக்கக் கூடாது. படுத்த இடத்துல இருந்தே தண்ணி தெரியணும்." சொன்னவள் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. ரயிலில் ஒரு பகல் போனால் ஏரி இருக்கும் ஊர் வருகிறது, அங்கே ஏரியைப் பார்த்த அறைகள் இருக்கின்றன, எந்தப் பக்கத்து அறையில் கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது என்பதுவரை விசாரித்து வைத்தார். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் அங்காடியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, பையைத் தோள் மாற்றிக்கொண்டே அன்றைய மிச்சத்தை ஏரிக்கணக்கில் சொல்வார்.

"இன்னிக்கு உனக்கு ஒரு தலகாணி ஆச்சு, மேடம்."

இன்னொரு வாரம், "அரை ஜன்னல்." நசுங்கிய டப்பாக்கள் பாதி விலைக்குக் கிடைத்து, அந்தப் பாதியிலும் சலுகை விழுந்த ஒரு பொன்னாளில், "காலைல காபி, ரூமுக்கே வருது."

மனைவியை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவள் ஒரு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள். வீட்டு வரி, வங்கி, காப்பீடு எல்லாம் அவள் கையில். "காகிதம்னா மேடம், டிக்கெட்னா நான்" என்று கல்யாணமான புதிதிலேயே வேலை பிரிந்துவிட்டது. ஊரார் அட்டையையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தவர், சொந்த மனைவியிடம் ஒரு நாளும் அட்டை கேட்டதில்லை.

அதனால்தான் அவள் பிழைத்தாள்.

ஏனென்றால் அவளுக்கு அவரைவிட ஒரு வயது அதிகம். பெண் பார்க்க வந்த காலத்தில், மாப்பிள்ளையைவிடப் பெண் மூத்தவள் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று அவள் அண்ணன் நாலு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார். அவளுக்கே அது கல்யாண வாரத்தில்தான் தெரியும். "யாராவது கேட்டா இருபதுன்னு சொல்லு, அவ்வளவுதான்" என்று அண்ணன் காதோடு சொன்னார். யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குச் சொல்லாத பதில் முப்பத்தொன்பது வருடமாக அவள் தொண்டையில் நிற்கிறது. அவருக்கு இப்போது அறுபத்திரண்டு. வீட்டுக்கணக்கில் அவளுக்கு வரும் வாரம் அறுபது ஆகிறது. உண்மைக் கணக்கில் அறுபத்துமூன்று முடிந்து அறுபத்துநாலு.

இவ்வளவு நாளில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லும் கதைகள் அப்படிப்பட்டவை. "இந்த டிக்கெட் இல்லாம வர்றவன்கூடப் பாவம். மறந்திருப்பான், இல்லாதவனா இருப்பான். வயசைக் குறைச்சுச் சொல்றாங்க பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியாது" என்று ஆரம்பிப்பார். ஒரு தாய், பையனை மடியில் இழுத்து உட்காரவைத்து நாலு வயது என்றாளாம். இவர் பையனிடம் குனிந்து, "தம்பி, ஸ்கூல்ல என்ன பாடம் நடக்குது?" என்றாராம். பையன் எழுந்து நின்று ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தானாம். சிரிப்பு அடங்கியதும் முத்தாய்ப்பாக, "வயசுல பொய் சொல்றவங்களை நான் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்" என்பார்.

"ஆமாமா, கண்டுபிடிப்பீங்க" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் வரும். வந்தவர்கள் இன்னும் சிரிப்பார்கள். அவள் அடுப்பைத் தணிப்பாள்.

வேலையிலிருந்து அவள் ஓய்வுபெற்றது சரியான வயதில். அவரிடம் சொன்னது, முழங்கால் வலிக்காக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. மூத்தோர் அட்டையும் அவளிடம் இருக்கிறது. தையல் பெட்டியில் பொத்தான்களுக்கு அடியில். தனியாகப் போகும் நாட்களில் பேருந்தில் அதை எடுத்துக் காட்டுவாள். அந்த ஒரு கணம் மடியில் மறைத்த மாங்காயைக் கடிப்பதுபோல் இருக்கும். இறங்கியதும் இலவசச் சீட்டை நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் கிழித்துப் போட்டுவிட்டு, கூட்டத்தில் இறங்கும் யாரிடமாவது, "டிக்கெட் வேணாம்னா குடுங்களேன், பேரப்புள்ள விளையாட" என்று ஒரு முழு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பரிசோதகர் அந்த டிக்கெட்டை முன்னும் பின்னும் படித்து, மூலையைக் கிள்ளி, "சரியா இருக்கு" என்பார்.

இருவரும் சேர்ந்து போகும்போது அவள் முழுக் கட்டணம். பக்கத்தில் இலவசமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது நெஞ்சில் முள். "உனக்கும் சீக்கிரம் வயசாகித் தொலைச்சா நல்லா இருக்கும்" என்று ஒருநாள் மனம் நொந்து சொன்னார். எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் சொல்லத் துணியாத வார்த்தை. முன்சீட்டில் இருந்த பெண்மணி திரும்பி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

ஏரி தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம். ரயிலில் தம்பதிச் சலுகை உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் அறுபது முடிந்திருந்தால் இரண்டாவது டிக்கெட் இலவசம். "சும்மா கிடைக்கப் போற டிக்கெட்டைக் காசு குடுத்து எதுக்கு வாங்கணும்? உனக்கு அறுபது ஆகட்டும், மறுநாளே போறோம்" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் முன்பே படுத்தபடி தண்ணீரைப் பார்த்திருக்கலாம். தன் பொய்யே வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

இப்போது அந்த நாள் நெருங்கிவிட்டது. இரண்டு பேரும் பிறந்த தேதி போட்ட ஏதாவது ஒரு அட்டையைக் கவுன்டரில் காட்டவேண்டும். ரயில் நிலையத்தில் காட்டுவதற்கு முன் அவர் வாங்கிப் பார்ப்பார். முன்னும் பின்னும்.

மதியம் அவர் தூங்கும் நேரம் பார்த்து அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க அன்னிக்குப் பண்ணி வச்ச வேலை இப்போ என் தலையில விடியுது."

"எந்த வேலை பாப்பா? நான் பண்ணினது ஒண்ணா ரெண்டா."

சொன்னாள். மறுமுனையில் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எண்பதை நெருங்கும் மனிதர். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அட, சொல்லித் தொலை. இனிமே என்ன, பொண்ணு பழசுன்னு திருப்பியா அனுப்பப் போறாரு?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அவர் வேலையே வயசுப் பொய்யைக் கண்டுபிடிக்கிறது அண்ணே. வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் அதையே பெருமையாப் பேசுவாரு. ஊரைப் புடிச்ச மனுஷன் வீட்டுக்குள்ளயே ஏமாந்திருக்காருன்னா... கோவம்கூட வேணாம், அவரு மூஞ்சி சின்னதாப் போயிடுமே, அதை என்னால பாக்க முடியாது."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "நான் வேணா வந்து மாப்பிள்ளைகிட்டச் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னது போதும்" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அங்காடியில் அவர் டப்பாக்கள் அடுக்கிய வரிசைக்குப் போயிருந்தார். நசுங்கிய டப்பா தேடுவது அவருக்குப் புதையல் தேடுவதுபோல. அவள் அடுத்த வரிசையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு அலமாரிதான்.

"அடியே, குட்டச்சி!"

அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டு நாற்பது வருடம் ஆகியிருக்கும். திரும்பினால், பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவள். உடம்பு இரண்டு மடங்கு, குரல் மூன்று மடங்கு.

"நீயேதானா! இந்த மூக்கை எங்க பாத்தாலும் சொல்லிடுவேன்டி. சீனியர் நாளுக்கு வந்தியா? நானும்தான். அறுபது முடிஞ்ச மறுநாளே கார்டு வாங்கிட்டேன், மூணு வருஷமாச்சு. உனக்கு எனக்கு முன்னாடியே குடுத்திருப்பாங்களே, நீ என்னைவிட ரெண்டு மாசம் பெரியவளாச்சே! இவ்வளவு உயரம் இருந்துக்கிட்டு, 'நான்தான் மூத்தவ, சொன்னதைக் கேளு'ன்னு என்னா அதிகாரம் பண்ணுவ!"

"மெதுவா பேசுடி."

"ஏன், யாரு இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

"எங்க, எங்க? காட்டு, பாப்போம்!"

அலமாரியின் முனையைச் சுற்றிக்கொண்டு அவரே வந்தார், கையில் ஒரு டப்பாவோடு. தோழி அவரை மேலும் கீழும் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு" என்றாள்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். பிறகு மனைவியின் பக்கம் டப்பாவை நீட்டி, "இது நசுங்கியிருக்கு" என்றார். அது நசுங்கவே இல்லை.

பணம் கட்டும் இடத்தில் அந்தப் பெண் அட்டையைப் பார்க்காமலே சலுகையைப் போட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சார், உடம்பு சரியில்லையா?" என்று அவளே கேட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பையைத் தோள் மாற்றினார். மறுபடி மாற்றினார். தலையணையும் வரவில்லை, ஜன்னலும் வரவில்லை. சிக்னல்வரை பொறுத்துவிட்டு அவளே கேட்டாள்.

"இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?"

"ம்? பாக்கணும்" என்றார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லாத மனிதர். சிக்னல் மாறி, பாதி சாலை கடந்தபிறகு, "உன் ஃப்ரெண்டுக்கு நல்ல குரல்" என்றார்.

அவளுக்கு நடை தட்டியது. கேட்டுவிட்டாரா, கேட்கவில்லையா? காதில் விழுந்திருந்தால் தன்னிடம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? அன்று மாலை அவர் வழக்கம்போல் வாசற்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் முடிதிருத்தகம் போனார். அதற்கடுத்த நாள் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, "சீட்டு மாத்திட்டான், நல்லா இல்ல" என்றார். இடையில் ஒருமுறை, அவள் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது தலை நிமிர்ந்தால், நாற்காலியில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் பார்க்கும் பார்வை அது இல்லை. வேறு எதுவென்றும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடிய மாத்தணும் நான்" என்றார்.

வீட்டுக்கணக்குப்படி அவளுக்கு அறுபது முடிந்த மறுநாள், இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி நின்றார்.

"ஏங்க, கால் வலிக்குது. அடுத்த மாசம் பாத்துக்கலாமே."

"டிக்கெட் வாங்கத்தானே போறோம். ஏரியச் சுத்தி ஓடவா போறோம்?"

"கார்டை எங்க வச்சேன்னு தெரியல."

"தேட வேணாம், கிளம்பு" என்றார் அவர். தேடு என்று சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் முன்னால் போனதும் தையல் பெட்டியைத் திறந்து, பொத்தான்களை ஒதுக்கி, அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். போதும். அவர் கவுன்டரில் நிற்கும்போது தானே எடுத்து நீட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். என்ன ஆனாலும் சரி, அவர் கண்டுபிடிப்பதற்கு முன் தானே கொடுத்ததாக இருக்கட்டும்.

ஒன்பது மணிக்குமேல் வந்த பேருந்தில் போனார்கள். அவருக்கு இலவசம், அவளுக்கு முழுக் கட்டணம். அவர் அவளது டிக்கெட்டைக் கேட்கவில்லை. அவளாக நீட்டியபோதுதான் வாங்கிக் கிள்ளினார்.

ரயில் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் மூன்று பேர் ஆனார்கள். அவர் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. இரண்டு பேர் ஆனார்கள். ஒருவர் ஆனார். கைகள் இரண்டும் பின்னால் கட்டியபடியே இருந்தன. அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து, விரல் நுனியால் அட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டாள். அவ்வளவு சில்லென்று இருந்தது அது.

கவுன்டரில் இருந்தவர் இவரைக் கண்டதும் சிரித்தார். "வாங்க சார், வாங்க. எத்தனை தடவை வந்து விசாரிச்சீங்க! அம்மாவுக்கு அறுபது ஆயிடுச்சா? ரெண்டு கார்டும் குடுங்க, தம்பதிச் சலுகையில போட்டுடலாம்."

அவள் அட்டையைப் பாதி வெளியே இழுத்துவிட்டாள். அப்போது அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, அவள் கைப்பையின் வாயை மூடிக் கொக்கியை அழுத்தினார். டிக் என்று சத்தம் கேட்டது.

"பைய மூடிக்க மேடம். கூட்டமா இருக்கு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "ஒரு சீனியர். ஒரு முழு டிக்கெட்."

"முழுவா? ஏன் சார், அம்மாவுக்கு இன்னும் ஆகலையா?"

"ஆகல."

"எப்போ ஆகும்? பத்து இருபது நாள்னா பொறுத்து வாங்கிக்கலாமே. ஒரு டிக்கெட் அப்படியே மிச்சம் சார்."

"இப்போதைக்கு ஆகாது" என்றார் அவர். குரலில் பரிசோதகரின் பழைய கண்டிப்பு வந்துவிட்டது. "அவங்க என்னைவிட மூணு வயசு சின்னவங்க. நீங்க போடுங்க."

பணத்தை எண்ணி வைத்தார். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளின் தலையணையும் ஜன்னலும் காபியும் கவுன்டர் ஜன்னலின் துளை வழியாக உள்ளே போயின. அதற்குப் பிறகுதான், கேட்கப்பட்டபின், கூட்டிலிருந்து உறையையும் உறையிலிருந்து தன் அட்டையையும் எடுத்துக் காட்டினார். கவுன்டரில் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். அவர் மூக்கு சிவக்கவில்லை.

இரண்டு டிக்கெட்டுகளோடு வரிசையை விட்டு விலகி, தூண் ஓரமாக வந்து நின்றார். தன்னுடையதைப் படித்து, கிள்ளி, பைக்குள் வைத்தார். அடுத்து அவளுடையதை எடுத்தார். முழுக் கட்டணம் என்று அச்சிட்ட இடத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு டிக்கெட்டையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றி, அவசரமே இல்லாமல், பேருந்தில் ஒரு காலத்தில் பார்த்ததுபோல் பார்த்தார். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள்.

அவர் கட்டைவிரல் நகத்தால் டிக்கெட்டின் மூலையைச் சின்ன முக்கோணமாகக் கிள்ளி, அதை அவள் கையில் கொடுத்தார்.